குருவிட்ட மலைப்பாம்பும் நான் எழுதிய பதினெட்டு அடியும்

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்ட ஒருவரிடம், நீங்கள் எழுதியவற்றுள் எதைத் திரும்பப் பெற விரும்புகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஏதாவது ஓர் அரசியல் கட்டுரையைத்தான் சொல்வார். நான் சொல்வது ஒரு படத்துக்குக் கீழே எழுதிய நான்கு வரிக் குறிப்பை.

1994 ஆம் ஆண்டு அது. வேறொரு செய்திக்காக இரத்தினபுரிக்குப் போயிருந்தேன். குருவிட்டவுக்கு அருகில் உள்ள ஓர் இறப்பர்த் தோட்டத்தில் மலைப்பாம்பு பிடிபட்டிருப்பதாகத் தேநீர்க்கடையில் கேள்விப்பட்டு அங்கே போனேன். லயத்துக்குப் பின்னால் கட்டியிருந்த ஆட்டுக்குட்டியை விழுங்கிவிட்டு நகர முடியாமல் கிடந்த பாம்பை, தொழிலாளர்கள் உரச் சாக்கொன்றில் போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். என் கமராவில் ஐந்தாறு படங்களுக்குத்தான் பிலிம் மீதி இருந்தது. பாம்பை வெளியே எடுக்கச் சொல்லி, ஆறு பேரை வரிசையாக நிற்க வைத்து, அதைத் தாங்கிப் பிடிக்கச் செய்தேன். 28 மில்லிமீற்றர் வில்லையைப் பொருத்திக்கொண்டு, தலை இருந்த பக்கம் முழந்தாளிட்டேன். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதன் பொருள் தெரியும். அகல வில்லைக்கு அருகில் இருக்கும் பொருள் பருத்துத் தெரியும். பின்னால் நிற்கும் மனிதர் சிறுத்துப் போவார்.

"எத்தனை அடி இருக்கும்?" என்று கேட்டேன். "பதினஞ்சு இருக்குங்க ஐயா" என்றார் ஒருவர். "இருபதுக்குக் குறையாது" என்றார் இன்னொருவர். பத்திரிகையாளன் நடுநிலை தவறக் கூடாதல்லவா? பதினெட்டு என்று குறித்துக்கொண்டேன். "ராட்சத மலைப்பாம்பு, தோட்டத் தொழிலாளர்கள் பீதி" என்று படக்குறிப்பு வெளிவந்தது. உண்மையில் எவரும் பீதியடைந்திருக்கவில்லை. படம் எடுக்கும்போது அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிக்க வேண்டாம் என்று சொன்னவன் நான்தான்.

நான் பஸ் ஏறிய பின்னர் வனவிலங்கு அதிகாரி ஒருவர் வந்து நாடாவால் அளந்திருக்கிறார். பதினொரு அடியும் சில அங்குலமும். அன்று மாலையே பாம்பைக் காட்டில் விட்டுவிட்டார்கள். இந்தச் செய்தி எனக்குக் கிடைத்தபோது இரண்டு மாதங்கள் கடந்திருந்தன. அதனோடு இன்னொரு செய்தியும் வந்தது. பக்கத்துத் தோட்டத்தில், பாறைகளுக்கு இடையே சுருண்டு கிடந்த வேறொரு மலைப்பாம்பை அலவாங்கால் அடித்துக் கொன்றிருக்கிறார்கள். அடி விழுந்தபோதும் அது இடத்தை விட்டு அசையவில்லையாம். கொன்ற பின்னர் புரட்டிப் பார்த்தபோது அதன் அடியில் முட்டைகள் இருந்தன. அந்தத் தோட்டத்துக் கடைச் சுவரில் என்னுடைய படம், பதினெட்டு அடியோடும் பீதியோடும், கத்தரித்து ஒட்டப்பட்டிருந்தது.

நான் ஏன் பதினெட்டு என்று எழுதினேன்? அவசரம் என்று சொல்லித் தப்பிவிடலாம். ஆனால் அவசரத்தில் ஏழு என்று யாரும் எழுதுவதில்லை. மலைப்பாம்பைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை தானாகவே கூட்டி எழுதுகிறது. இந்த வழக்கத்துக்கு நம் தீவில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு என்பதைப் பின்னர்தான் படித்து அறிந்தேன். அந்த வரலாற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குருவிட்டவும் ஒரு பாம்பின் பல பெயர்களும்

குருவிட்டவைப் பார்த்திராத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். கொழும்பிலிருந்து அவிசாவளை, எஹலியகொட வழியாக இரத்தினபுரிக்குச் செல்லும் ஏ4 நெடுஞ்சாலையில், இரத்தினபுரிக்குச் சற்று முன்னே வரும் சிறு நகரம் அது. சிவனொளிபாதமலைச் சாரலில் பிறக்கும் குரு கங்கை இவ்வழியே இறங்கி வருகிறது. அரசிலை வடிவில் விழுவதால் பெயர் பெற்ற போபத் நீர்வீழ்ச்சி அருகில் இருக்கிறது. எரத்ன வழியாக மலையேறும் யாத்திரிகர்களும் இவ்வூரைக் கடந்தே செல்கிறார்கள். 1976 இல் மூடப்படும் வரை களனிப் பள்ளத்தாக்கின் சிறு ரயிலும் இங்கே நின்று சென்றது. வயல்களில் மாணிக்கக் குழிகள், மேட்டில் இறப்பரும் தேயிலையும், அதற்கு மேலே காடு. தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு இடையே சிதறிக் கிடப்பதால் இங்குள்ள தமிழர் இரு மொழியிலும் வாழ்கிறவர்கள். பாம்பையும் இரு பெயரால் அழைப்பார்கள்: தங்களுக்குள் மலைப்பாம்பு, கிராமத்தவரோடு பேசும்போது பிம்புரா.

வடக்கு, கிழக்கில் இதனை வெங்கிணாந்தி என்பார்கள். சங்க நூலான மலைபடுகடாம் மாசுணம் என்கிறது. வீழ்ந்து கிடக்கும் மரத்தைப் போலக் கிடக்கும் என்று வழிப்போக்கரை எச்சரிக்கவும் செய்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் எழுதிய அந்தப் புலவர் அடிக்கணக்கு எதுவும் சொல்லவில்லை. காட்டில் அது கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதைத்தான் சொன்னார். மலைப்பாம்பைப் படம் எடுக்க முயன்ற எவரும் அது எவ்வளவு துல்லியமான பார்வை என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

கைதி கண்ட பிம்புரா

நம் தீவின் மலைப்பாம்பை ஐரோப்பிய வாசகர்களுக்கு விரிவாக அறிமுகம் செய்தவர் ரொபர்ட் நொக்ஸ். 1660 இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கைதியாக வாழ்ந்து, 1679 இல் தப்பிய ஆங்கிலேயர். அவருடைய நூல் 1681 இல் இலண்டனில் வெளியானது. அதில் இப்பாம்பு அதன் சிங்களப் பெயராலேயே வருகிறது.

அவர் சொல்வது இது. மனிதனின் இடுப்பளவு பருமன் உள்ள இப்பாம்பு விரைந்து ஓடுவதில்லை. மான் நடக்கும் தடத்தில் படுத்துக் காத்திருந்து பிடிக்கிறது. வாலில் உள்ள முளை போன்ற ஒன்றால் இரையைத் தாக்குகிறது. மானைக் கொம்போடு விழுங்கி, அந்தக் கொம்பு வயிற்றைக் கிழித்துச் சாவதும் உண்டு. ஒருமுறை பாம்பு பின்தொடையைக் கவ்விப் பிடித்திருந்த மானைக் கண்ணியில் சிக்கியதாக எண்ணி ஒருவன் சுட்டானாம். குண்டு பட்ட மான் துள்ளிய வேகத்தில் பாம்பின் தலையே அறுந்து வந்துவிட்டதாம்.

கடைசிக் கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் மற்றவற்றைப் பாருங்கள். பதுங்கியிருந்து பிடிக்கும் பாம்பு என்பது உண்மை. வாலின் முளை என்பதும் வெறும் கற்பனையன்று. மலைப்பாம்பின் கழிவுத் துவாரத்துக்கு இரு பக்கமும் சிறு நகம் போன்ற இரண்டு உறுப்புகள் உண்டு. பாம்பின் மூதாதைக்குக் கால்கள் இருந்ததன் எச்சம் அவை. ஆணுக்குச் சற்றுப் பெரிதாக இருக்கும். அவற்றால் இரையைத் தாக்குவதில்லை. இணை சேரும்போதே பயன்படுகின்றன. பயன் எது என்பதில்தான் நொக்ஸ் தவறினார். உறுப்பைச் சரியாகப் பார்த்த யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், அல்லது அவரே பார்த்திருக்க வேண்டும். கைதியாக இருந்தாலும் அவர் அந்த மண்ணில் வாழ்ந்தவர். அவருக்குப் பின்னர் எழுதியவர்களில் சிலர் மண்ணையே பார்க்காதவர்கள்.

தீவை விட்டுப் போன ஒரு பெயர்

அனகொண்டா என்ற சொல்லைக் கேட்டதும் அமேசன் காடும் ஹொலிவூட் திரைப்படமும் நினைவுக்கு வரும். அந்தச் சொல் புறப்பட்ட இடம் நம் தீவு என்பதைப் பலர் அறியமாட்டார்கள்.

1693 இல் ஜோன் ரே என்ற ஆங்கில இயற்கையியலாளர் விலங்குகளையும் பாம்புகளையும் வகைப்படுத்தி இலத்தீன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். ஒல்லாந்து நாட்டின் லெய்டன் நகர அரும்பொருட்சாலையில் இருந்த பாம்புகளின் பட்டியல் ஒன்று நண்பர் மூலம் அவருக்குக் கிடைத்திருந்தது. அதில் ஒரு பாம்பு, இலங்கையர் அனகண்டயா என்று அழைப்பது, எருமைகளின் உறுப்புகளை நொறுக்குவது என்று குறிக்கப்பட்டிருந்தது. சிங்களத்தில் ஹெனகந்தயா என்ற சொல் உண்டு. ஆனால் அது சுட்டுவது மெலிந்த பச்சைப் பாம்பொன்றை. எங்கோ ஒரு சீட்டு இடம் மாறிவிட்டது. விரல் பருமனான பாம்பின் பெயர் எருமையை நொறுக்கும் பாம்பின் மேல் ஒட்டிக்கொண்டது.

1768 இல் ஸ்கொட்லாந்துச் சஞ்சிகை ஒன்று, இலங்கையில் பல்லாண்டு வாழ்ந்த ஓர் ஆங்கிலக் கனவானின் கடிதம் என்று ஒன்றை வெளியிட்டது. எழுதியவர் பெயர் ஆர். எட்வின் என்றிருந்தது. அனகொண்டா ஒரு புலியைப் பிடித்து, மரத்தோடு சேர்த்து இறுக்கி, எலும்பை நொறுக்கி விழுங்கியதைத் தாம் நேரில் கண்டதாக அதில் விவரித்தார். கடிதம் ஐரோப்பாவில் பல இடங்களில் எடுத்தாளப்பட்டது. செய்தி ஆசிரியர் மேசையில் அமர்ந்து அந்தக் கடிதத்தைப் பார்த்தால் இரண்டு கேள்விகள் உடனே எழும். இலங்கையில் சிறுத்தை உண்டு, வரிப்புலி ஏது? 1768 இல் இலங்கைக் கரையோரம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. ஆங்கிலேயர் கொழும்பைப் பிடித்தது 1796 இல். அப்படியிருக்க, பல்லாண்டு வாழ்ந்த அந்த ஆங்கிலக் கனவான் எங்கே வாழ்ந்தார்? இக்கேள்விகளை அன்றைய சஞ்சிகை ஆசிரியர் கேட்கவில்லை. 1994 இல் என் படக்குறிப்பைக் கண்டவர்களும் என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு அறிஞர் டோடான் இப்பெயரைத் தென் அமெரிக்க நீர்ப்பாம்புக்குச் சூட்டினார். பெயர் கடல் கடந்து போய்விட்டது. நம்மவர் காதுக்கோ அது தமிழ்ச் சொல்லாகவே ஒலிக்கும்: ஆனைகொன்றான். 1886 இல் வெளியான ஹொப்சன் ஜொப்சன் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதியும் ஆனையைக் கொன்றது என்ற தமிழ் மூலத்தை முன்வைத்தது. 1897 இல் டொனல்ட் ஃபெர்குசன் என்பவர் ரேயின் பட்டியலை ஆராய்ந்து, ஹெனகந்தயாவே மூலம் என்று வாதிட்டார். தமிழனாக எனக்கு முதல் விளக்கம்தான் இனிக்கிறது. ஆயினும் சான்றுகள் இரண்டாவதன் பக்கமே சாய்கின்றன. எந்த மலைப்பாம்பும் ஆனையைக் கொன்றதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எலும்பை நொறுக்கும் என்ற கதையின் முடிவையும் கூறிவிடுகிறேன். சுற்றி இறுக்கும் பாம்பு எலும்பை உடைப்பதில்லை. மூச்சை அடைத்துக் கொல்கிறது என்றே நெடுங்காலம் பாடநூல்கள் எழுதின. 2015 இல் அமெரிக்காவின் டிக்கின்சன் கல்லூரியைச் சேர்ந்த ஸ்கொட் போபக் குழுவினர் போவாப் பாம்புகளைக் கொண்டு செய்த ஆய்வு, இறுக்கத்தால் இரையின் இரத்த ஓட்டமே சில வினாடிகளில் தடைப்படுகிறது என்று காட்டியது.

அளந்து பார்த்தவர்கள்

கதை சொன்னவர்கள் மட்டும் இருந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அளந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுள் முக்கியமானவர் ஒருவர் குருவிட்டவோடும் தொடர்புடையவர்.

பி.இ.பி. தெரணியகல 1939 முதல் 1963 வரை இலங்கைத் தேசிய அரும்பொருட்சாலைகளின் பணிப்பாளராக இருந்தார். பலாங்கொடை மனிதன் என்று நாம் பாடநூலில் படித்த ஆதிமனிதனுக்கு அப்பெயரைத் தந்தவர் அவரே. குருவிட்டவிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவில், காட்டுக்குள் படதொம்பலென என்ற குகை இருக்கிறது. தெரணியகல அங்கே தொடங்கிய அகழ்வை அவருடைய மகன் சிரான் தெரணியகல 1979 முதல் விரிவாகத் தொடர்ந்தார். முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னரே மழைக்காட்டில் மனிதர் வாழ்ந்தனர் என்பதற்கும், குரங்கு, அணில், மரநத்தை போன்றவற்றை உண்டனர் என்பதற்கும் அந்தக் குகை சான்று தந்தது. ஆக, குருவிட்டக் காட்டில் மனிதனும் பாம்பும் அயலவராக இருப்பது நேற்றைய கதையன்று.

அதே தெரணியகலதான் 1945 இல் இலங்கை மலைப்பாம்பை ஆராய்ந்து அதற்கு ஓர் உபஇனப் பெயர் சூட்டினார். 1758 இல் லின்னேயஸ் மொலூரஸ் என்று பெயரிட்ட இந்திய மலைப்பாம்பின் இலங்கை வகைக்கு அவர் தேர்ந்த சொல் பிம்புரா. கிராமத்தவர் சொல்லை அவர் அறிவியல் ஏட்டில் ஏற்றினார். 1956 இல் இலங்கைச் சிறுத்தைக்கும் கொட்டியா என்ற சிங்களப் பெயரையே இட்டார். இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இலங்கை மலைப்பாம்பைத் தனி உபஇனமாகக் கொள்வதில்லை. அதனால் அவருடைய உழைப்பு வீணாகிவிடாது. செதில்களை எண்ணி, உடலை அளந்து எழுதியதால்தான் பின்வந்தவர்கள் அதனைச் சரிபார்க்க முடிந்தது. என்னுடைய பதினெட்டு அடியை எவரும் சரிபார்க்க முடியாது.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மலைப்பாம்பு வளர்ந்தால் மூன்று மீற்றர் அளவில் இருப்பதே பொது. ஐந்து மீற்றரைத் தாண்டுவது மிக அரிது. உரித்த தோலை இழுத்து ஆணி அடித்தால் நீளம் கூடிவிடும் என்பதால் தோலை அளந்து சொல்லும் கணக்கும் செல்லாது. நியூயோர்க் விலங்கியல் சங்கம் 30 அடிக்கு மேற்பட்ட உயிருள்ள பாம்பைக் கொண்டுவருவோருக்குப் பரிசு தருவதாக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அறிவித்து வந்தது. தொகை பின்னர் 50,000 டொலராக உயர்ந்தது. உலகின் மிக நீண்ட பாம்பினம் எதுவாயினும் ஏற்கத் தயாராக இருந்தார்கள். அந்தப் பணத்தை வாங்க எவரும் வரவில்லை.

கூண்டு கற்பித்தது

கூண்டில் இருக்கும் பாம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலங்கையிலிருந்து விலங்குகளைப் பிடித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிய ஜேர்மன் வணிகர் ஜோன் ஹேகன்பெக் 1920களின் பிற்பகுதியில் தெகிவளையில் அமைத்த விலங்குத் தோட்டமே, நிறுவனம் கலைக்கப்பட்டு 1936 இல் அரசு வசமாகி, இன்றைய தேசிய விலங்கியல் பூங்காவாயிற்று. சிறுவனாக நான் முதன்முதலில் மலைப்பாம்பைக் கண்டது அங்கேதான். கண்ணாடிக்குப் பின்னே அசையாமல் கிடந்தது. எல்லாச் சிறுவர்களையும் போல நானும் கண்ணாடியைத் தட்டினேன். அது திரும்பியும் பார்க்கவில்லை. உயிரோடு இருக்கிறதா என்று அப்பாவிடம் கேட்டது நினைவிருக்கிறது.

ஆனால் கூண்டு சில உண்மைகளைத் தந்தது என்பதை மறுக்க முடியாது. 1830களில் இந்தியாவில் பயணம் செய்து திரும்பிய லமார் பிக்கோ என்ற பிரெஞ்சுக்காரர், தாய் மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு கோழியைப் போல அடைகாக்கிறது, அதன் உடல் சூடாக இருக்கிறது என்று சொன்னபோது பாரிஸ் அறிஞர்கள் நம்பவில்லை. குளிர்க்குருதிப் பிராணி எப்படிச் சூடு தரும்? 1841 இல் பாரிஸ் விலங்குத் தோட்டத்தில் ஒரு மலைப்பாம்பு முட்டையிட்டது. வலென்சியன் என்ற அறிஞர் வெப்பமானியை வைத்து அளந்தார். சூடு இருந்தது. 1966 இல் நியூயோர்க் விலங்குத் தோட்டத்துப் பாம்பொன்றை ஆராய்ந்தவர்கள் அதன் காரணத்தையும் விளக்கினார்கள். தாய் தன் தசைகளை விட்டுவிட்டுச் சுருக்கி, நடுங்கி, அதனால் உண்டாகும் வெப்பத்தை முட்டைகளுக்குக் கொடுக்கிறது. ஏறத்தாழ இரண்டு மாத காலம், பெரும்பாலும் இரை தேடாமல், முட்டைகளைச் சுற்றியே அது கிடக்கும்.

இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அடி விழுந்தபோதும் அசையவில்லையாம் என்று 1994 இல் கேட்ட வாக்கியத்தின் பொருள் அப்போதுதான் விளங்கியது. அது இரை தின்ற மயக்கத்தில் கிடக்கவில்லை. சோம்பலாலும் கிடக்கவில்லை.

கூண்டிலிருந்து வெளியேறிய பாம்பின் கதையும் உண்டு. உலகெங்கும் வீடுகளில் வளர்க்கப்படுவது பெரும்பாலும் பர்மிய மலைப்பாம்பு. முன்னர் நம்முடையதன் உபஇனமாகக் கருதப்பட்ட இது 2009 முதல் தனி இனமாகக் கொள்ளப்படுகிறது. வளர்த்தவர்களால் கைவிடப்பட்டும் தப்பியும் ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் அது பெருகிவிட்டது. 2017 ஜனவரியில் அங்குள்ள அதிகாரிகள் உதவி கேட்டு அழைத்தது தமிழ்நாட்டின் இருளர்களை. மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரும் ரொமுலஸ் விட்டேக்கருடன் சென்றார்கள். ஒரு வாரம் சொச்சத்தில் 13 பாம்புகள் பிடிபட்டன. அவற்றுள் ஒன்று 16 அடிப் பெண். அந்த 16 அடி நாடாவால் அளந்தது. 1978 இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் வழிவந்த அவ்விருவருக்கும் 2023 இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பாம்பு போன தடத்தைத் தரையில் வாசிக்கும் கலை அது. எந்தக் கல்லூரியிலும் கற்பிக்கப்படுவதில்லை.

காட்டில் வாழும் பாம்பை நெடுநாள் அமர்ந்து நோக்கியவர்களில் இன்னொரு தமிழரையும் நினைவுகூர வேண்டும். கோயம்புத்தூர் சாலிம் அலி நிலையத்தைச் சேர்ந்த எஸ். பூபதி, இராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்து மலைப்பாம்புகளை ஆராய்ந்து 1989 இல் எழுதினார். முள்ளம்பன்றி தோண்டிய வளைகளில் அவை குடியிருப்பதையும், குளிர்காலத்தில் வாசலில் வெயில் காய்வதையும் பதிவு செய்தார். காட்டுப் பணியின்போதே 2014 இல் விபத்தில் உயிரிழந்தார்.

மீண்டும் குருவிட்ட

சில ஆண்டுகளுக்கு முன்னர் மறுபடியும் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். கையில் டிஜிட்டல் கமரா. பிலிம் தீர்ந்துவிடும் என்ற கவலை இல்லை. எவரையும் வரிசையாக நிறுத்துவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். மூன்று நாள் நடந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. நான்காம் நாள் காலை, பால் வெட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா என்னைக் கூப்பிட்டார். அறுபது வயதிருக்கும். ஓடைக்கரையில் பாறையும் சருகும் சேரும் இடத்தைக் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சருகின் பழுப்பும் பாறையின் சாம்பலும்தான் தெரிந்தன. நெடுநேரம் பார்த்த பின்னர், அந்தப் பழுப்பில் ஒரு பகுதி மெல்ல ஏறி இறங்குவது தெரிந்தது. வயிற்றின் நடுப்பகுதி பருத்திருந்தது.

இன்னும் நெருங்க எண்ணி ஓரடி எடுத்து வைத்தேன்.

"கிட்டப் போகாதீங்க ஐயா" என்றார் அம்மா. "இரை தின்னுட்டுப் படுத்திருக்கு. நம்ம தொந்தரவு பண்ணா பயந்துபோய்க் கக்கிரும். அப்புறம் பாவம், மறுபடி பட்டினி கிடக்கணும்."

அவர் சொன்னது முற்றிலும் சரி. இரை தின்ற மலைப்பாம்பு அச்சுறுத்தப்பட்டால், தப்பி ஓடுவதற்காக இரையை வெளியே தள்ளிவிடும். "விழுங்கிய ஆட்டைக் கக்கிய பாம்பு" என்று நாம் வெளியிடும் படங்களில் பலவும் பாம்பைச் சுற்றிக் கூட்டம் கூடியதால் நிகழ்ந்தவையே. 1994 இல் உரச் சாக்கில் கிடந்த பாம்பும் அந்த ஆட்டுக்குட்டியை வெளியே தள்ளியிருந்தது. நான் அதனைப் படக்குறிப்பில் சேர்த்திருந்தேன், சுவைக்காக.

"உங்களுக்குப் பயமில்லையா அம்மா?" என்று கேட்டேன்.

"கோழியைப் புடிச்சா கோவம் வரும். பயம் எதுக்குங்க? எலியும் பன்னிக்குட்டியும் அதுக்குத்தான் பயப்படணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். அவருக்குக் காலைக்குள் வெட்டி முடிக்க வேண்டிய மரங்கள் இருந்தன.

அவருடைய கோபத்தை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாட்கூலியில் வாழும் வீட்டில் ஓர் ஆடு என்பது பள்ளிக்கூடச் செலவு. இலங்கைச் சட்டம் மலைப்பாம்பைக் கொல்வதையும் பிடித்து வைத்திருப்பதையும் தடுக்கிறது. இலங்கை 1979 இல் இணைந்த சைட்டீஸ் உடன்படிக்கை நம் மலைப்பாம்பை வணிகத் தடைக்குரிய முதற் பட்டியலில் வைத்திருக்கிறது. இவை நல்லவை. ஆனால் தோட்டத்தில் பாம்பு உயிரோடு இருப்பது, ஆட்டைக் கொட்டிலில் அடைக்கும் பழக்கத்தையும், தகவல் சொன்னால் அதிகாரி வந்து சேரும் வேகத்தையும், இந்த அம்மாவைப் போன்றவர்களின் நிதானத்தையும் பொறுத்திருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் என்ன எழுதுகிறோம் என்பதையும்தான்.

இருபதடி தள்ளி நின்று சில படங்கள் எடுத்தேன். ஒளிவீச்சு விளக்கைப் பயன்படுத்தவில்லை. அவற்றுள் ஒன்றை நண்பரான செய்தி ஆசிரியர் ஒருவரிடம் காட்டியபோது, "பாம்பு எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். விரலால் தொட்டுக் காட்ட வேண்டியிருந்தது. இதைப் பிரசுரிக்க முடியாது, யாருக்கும் ஒன்றும் தெரியாது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

அந்தப் படம் இப்போது என் மேசைக்கு மேலே தொங்குகிறது. அதன் கீழே குருவிட்ட என்றும் தேதியும் மட்டும் எழுதியிருக்கிறேன். நீளம் எழுதவில்லை. நான் அளக்கவில்லை.